ஓடையின் மேல்பாதி

நான் ஓய்வு பெற்ற மாதம்தான் எங்கள் அலுவலகத்துக்கு வரைபடம் போடும் கம்ப்யூட்டர் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று பிரியாவிடை விருந்தில் பெரிய அதிகாரி பேசினார். யாரும் கேட்காமலே அதைச் சொன்னார்.

சில மாதம் கழித்து பென்ஷன் தாள் ஒன்றில் கையெழுத்துப் போடப் போனபோது, என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் புவனேஸ்வரி என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"அண்ணே, இங்க பாருங்க. மழை, ஆறு, ஆளுங்க வர்றது போறது எல்லாத்தையும் உள்ள போட்டா, மலேரியா திரும்ப வரக்கூடிய இடம் தானா சிவப்பா வந்துடும் லா. உங்க காலத்துல எது சிவப்புன்னு யார் முடிவு பண்ணுவாங்க?"

"நாங்கதான்."

"எப்படி?"

"நடந்து போய்."

அவர் சிரித்தார். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் படிக்கக் கொடுக்கலாம், எழுதித் தாருங்கள் என்றார். எழுதியிருக்கிறேன். நடந்து போகாத ஒரு நாளும் இதில் வருகிறது.

எழுபதுகளின் நடுவில், முப்பது வயதில், பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலையை விட்டுவிட்டு மலேரியாப் பிரிவில் மருந்தடிக்கும் ஆளாகச் சேர்ந்தேன். முதுகில் டின், கையில் குழாய். மலேரியாக் கொசு ரத்தம் குடித்துவிட்டு வீட்டுச் சுவரில் உட்கார்ந்து இளைப்பாறும். அதனால் சுவருக்கு மருந்து. கொசு செத்தது யாருக்கும் தெரியாது. அந்த மருந்தால் பூனை செத்தால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயமே கூடிவிடும். அந்த வேலையில் பொறுமையைக் கற்றுக்கொண்டேன். பிறகு அகப்பையால் தண்ணீரை மொண்டு புழு பார்க்கவும், மைக்ரோஸ்கோப்பில் ரத்தம் பார்க்கவும் கற்றுக் கொடுத்தார்கள். சாதாரணக் கொசுவின் புழு தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கும். மலேரியாக் கொசுவின் புழு தண்ணீரின் மேல் மட்டமாகப் படுத்திருக்கும். படுத்திருப்பதைப் பார்க்க நாமும் நன்றாகக் குனிய வேண்டும். பயிற்சி அவ்வளவுதான். மற்றதெல்லாம் முதுகுவலி.

எண்பதுகளில் எங்கள் பக்கம் மலேரியா அநேகமாக ஒழிந்துவிட்டது. "அப்ப உங்களுக்கு வேலை போயிடுமே மாமா," என்று என் மைத்துனன் கவலைப்பட்டான். எனக்கும் அந்தக் கவலை இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் மனோன்மணி எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தைப்பிங்கில் வளர்ந்தவர், அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். வெளியூர் போகும்போது ஒரு மடக்கு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வருவார். யாராவது வாங்கிக்கொள்ளக் கை நீட்டினால் "இது என்ர" என்பார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நன்றாயிருக்கிறது என்று சொல்லியும் பார்த்ததில்லை. ஒரு வேலை சரியாக இருந்தால் அடுத்த வேலையைச் சொல்வார். அதிலிருந்து நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வந்த முதல் வாரமே எங்களை உட்கார வைத்துப் பேசினார். "மலேரியா போயிட்டுது எண்டு எல்லாரும் சந்தோசமா இருக்கினம். நல்லது. திரும்பி வாறதெண்டால் எந்த வாசலால வரும் எண்டு நாங்கள் பாப்பம்."

நோய் திரும்ப வருவதற்கு இரண்டு வேண்டும். அதைப் பரப்பும் கொசு அந்த இடத்தில் இருக்க வேண்டும். உடம்பில் கிருமியோடு யாராவது அங்கே வந்து சேர வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் நடக்காது. ஆகவே எங்கள் வரைபடமும் இரண்டு தாள். அடியில் நில அளவைப் படம். அதில் ஒவ்வொரு ஓடை, வாய்க்கால், குட்டை, சேற்றுப் பள்ளம். பத்தடிக்கு ஒரு தடவை அகப்பையை விட்டு மொண்டு பார்த்து, புழு இருந்த இடத்தில் புள்ளி வைப்போம். அதன்மேல் மெழுகுத்தாள். அதில் ஆட்கள்: வெளியூர்த் தொழிலாளர்கள் தங்கும் கொங்சி வீடுகள், மீன்பிடிப் படகுத்துறைகள், காடு வெட்டும் இடங்கள். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எப்போது, கடைசியாகக் காய்ச்சல் எப்போது என்று ஒவ்வொருவரிடமும் கேட்போம். பாதிப் பேர் எங்களைக் குடிநுழைவு அதிகாரிகள் என்று நினைத்து ஓடிவிடுவார்கள். காக்கிச் சட்டையை மாற்றச் சொல்லி எழுதினோம். நீலச் சட்டை வந்தது. அதற்கும் ஓடினார்கள்.

இரண்டு தாளையும் சேர்த்து டாக்டர் ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார். கொசுவும் ஆளும் ஒரே இடத்தில் விழுந்தால் சிவப்பு. ஒன்று மட்டும் என்றால் மஞ்சள். இரண்டும் இல்லையென்றால் நிறமில்லை.

அவர் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. போய்ப் பார்த்ததை மையால் வரைய வேண்டும். பிறர் சொல்லிக் கேட்டதைப் பென்சிலால் வரைய வேண்டும். பென்சில் கோடு ஒன்றாவது இருந்தால் அந்தத் தாள் முடியாத தாள். முடிந்த தாள்களில் நிறம் விழுந்த இடங்கள்தான் மருந்தகங்களுக்குப் பட்டியலாகப் போகும். பட்டியலில் உள்ள இடத்தில் காய்ச்சல் என்று யார் வந்தாலும் விரலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத இடத்தில் தேவையில்லை.

ஒரு தடவை வீடமைப்புக் கம்பெனிக்காரர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். அவர் நிலம் முழுக்கச் சிவப்பு. "கொஞ்சம் லேசான கலரா போட முடியாதா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் அவருக்குத் தேநீர் வரவழைத்தார். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார். "நீங்கள் அந்தப் பள்ளத்தை மூடுங்கோ. நான் நிறத்தை எடுக்கிறன்," என்றார். அந்த மனிதர் மூடினார். நிறம் போனது.

இனி அந்த நாள். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். தொழிலாளர் லயங்களுக்குப் பின்னால் ஒரு குன்று, குன்றிலிருந்து ஓர் ஓடை. ஓடையின் கீழ்பாதியை நான் அடிக்கு அடி பார்த்தேன். அடர்ந்த ரப்பர் நிழல், கறுத்த இலைத் தண்ணீர். மலைப்பக்கத்து மலேரியாக் கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். கீழே ஒரு புழுவும் இல்லை. மேலே ஏற வேண்டிய இடத்தில் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், முனியாண்டி என்பவர், நின்றுகொண்டிருந்தார்.

"மேலயும் இதே ரப்பர்தாண்ணே. தண்ணிகூட வத்திப் போச்சு. எதுக்கு முட்டி வலிக்க ஏறுறீங்க?"

அவர் என்னை ஏமாற்றவில்லை. அவரும் அங்கே ஏறிப் பல மாதம் ஆகியிருந்தது, அவ்வளவுதான். நான் ஏறாததற்குக் காரணம் வேறு. அன்றைக்கு நான் புதுச் சப்பாத்து போட்டிருந்தேன். என் மனைவி வாங்கித் தந்தது, அன்றுதான் முதல் நாள். மேலே போகும் பாதை முழங்கால் வரை சேறு.

அலுவலகத்துக்குத் திரும்பி மேல்பாதியை முதலில் பென்சிலால்தான் வரைந்தேன். பிறகு யோசித்தேன். பென்சில் இருந்தால் தாள் முடியாது, இன்னொரு நாள் போக வேண்டும். சாயங்காலம் நாலரை மணிக்கு அந்தக் கோட்டின்மேல் மையை ஓட்டினேன். கோடு அழகாக வந்தது. டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த தாளைக் கேட்டார்.

அடுத்த ஆண்டு, அதே லயத்தில் வசந்தி என்ற எட்டு வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா லெட்சுமி பால் மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். அப்பா சிங்கப்பூரில் வேலை. தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் சுவரில் ஒட்டியிருந்த எங்கள் பட்டியலைப் பார்த்திருக்கிறார். அந்தத் தோட்டம் அதில் இல்லை. காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் செய்தது முறைப்படி சரி. ஐந்தாம் நாள் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவருக்குச் சந்தேகம் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார். உறுதி செய்ய, ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டு என்னிடம் வந்தது.

மைக்ரோஸ்கோப்பில் நூறு இடம் பார்த்துவிட்டுத்தான் முடிவு எழுத வேண்டும் என்பது விதி. முதல் இடத்திலேயே கிருமி இருந்தது. மூளைக்கு ஏறக்கூடிய வகை. மீதித் தொண்ணூற்றொன்பதையும் பார்த்தேன். அவ்வளவு நேரம் டாக்டரிடம் போகாமல் இருக்கலாம் என்பதற்காகப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனோம். பிள்ளை நினைவில்லாமல் கிடந்தது. கொய்னா மருந்து நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. லெட்சுமி கட்டிலோரம் நின்றிருந்தார். பிள்ளை வெளியூர் எங்கேயாவது போனதா என்று டாக்டர் கேட்டார்.

"எங்கயும் போவலைம்மா. பள்ளிக்கூடம், வீடு, கோயிலு. அவ்வளவுதான்," என்றார் லெட்சுமி. அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

டாக்டர் மேலே கேட்கவில்லை. ஜீப்புக்குத் திரும்பி, கொண்டுவந்திருந்த அந்தத் தோட்டத்துத் தாளைத் தன் மடியில் விரித்தார். ஓடையின் மேல்பாதியில் விரலை வைத்தார்.

"மிஸ்டர் சண்முகம், இஞ்ச நீங்கள் போனீங்களோ?"

நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன்.

"போகலை டாக்டர்."

"மையால இருக்கு."

"ஆமா."

அவர் தாளை மடித்தார். அது பழைய மடிப்பிலேயே மடியும்படி நிதானமாக மடித்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி. இப்ப போவம்," என்றார்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர்தான் குன்றில் முன்னால் ஏறினார். கால் மணி நேரம் ஏறியதும் நிழல் முடிந்தது. குன்றின் மேல்புறம் முழுக்க மரங்களை வெட்டியிருந்தார்கள். வெட்டி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும், அடிக்கட்டைகள் வெளுத்திருந்தன. வற்றியதாகச் சொன்ன ஓடை வெயிலில் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் புல் சாய்ந்து சின்னச் சின்னத் தேக்கங்கள். முதல் அகப்பையிலேயே புழுக்கள் இருந்தன. மட்டமாகப் படுத்திருந்தன. டாக்டர் குனிந்து பார்த்தார். "ஓம்," என்றார்.

அதற்கு மேலே தகரமும் நீலப் பிளாஸ்டிக்கும் போட்ட கொங்சி. நிலத்தைச் சீர்படுத்த ஒரு குத்தகைக்காரர் கொண்டுவந்த ஆட்கள். எங்களைப் பார்த்ததும் ஓடினார்கள். ஒருவர் மட்டும் ஓடவில்லை. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, அதனால். பெயர் சாரிப், லொம்போக் தீவிலிருந்து வந்தவர், முப்பது வயது இருக்கும். நாங்கள் போலீஸ் இல்லை, ரத்தம் பார்க்க வந்தோம் என்று டாக்டர் மலாயில் சொன்னார். அவர் விரலை நீட்டினார். நான் குத்தினேன். கண்ணாடியில் ரத்தத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

"கீழேயிருந்து ஒரு பிள்ளை எங்களுக்குச் சோறு கொண்டு வரும். ஒரு வாரமா வரலை. அந்தப் பிள்ளை சுகமா இருக்கா?"

டாக்டர் நாற்காலியை விரித்து அவர் முன்னால் உட்கார்ந்தார். எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார். லெட்சுமி இவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் வசந்தி கொண்டு வரும். இவர்கள் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவித் தரும் வரை ஓடையில் கால் விட்டு உட்கார்ந்திருக்கும். சாரிப் அதற்குப் புல்லில் வெட்டுக்கிளி பின்னிக் கொடுப்பார். அது கொசு கடிக்கத் தொடங்கும் நேரம். பிள்ளைக்கு மலேரியா என்று டாக்டர் சொன்னதும் சாரிப் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அவருக்குக் காய்ச்சல் இல்லை, உடம்பு திடமாக இருந்தது. ரத்தத்தில் மட்டும் வாழைப்பழம் போல வளைந்த கிருமிகள் இருந்தன. கொசு எடுத்துப் போய் அடுத்தவருக்குக் கொடுப்பது அந்த வளைந்ததைத்தான். படிவத்தில் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. "கோடு போடுங்கோ," என்றார் டாக்டர். ரத்தம் மட்டும்தான் எடுக்கிறார்கள் என்று சாரிப் சொன்ன பிறகு, ஓடியவர்கள் மூன்றாம் நாள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

மாத்திரையை என் கண்முன்னால் விழுங்க வைப்பது என் வேலை. சாரிப் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு வந்தது என்னாலதானா?"

எனக்குப் பதில் தெரியும். டாக்டர் அன்று வரவில்லை; அந்தக் குன்றில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். அன்றைக்கு நான் ஏறி மேல்பாதிக்கு நிறம் விழுந்திருந்தால் இந்த ஓடைக்குப் புழு சாக எண்ணெய் அடித்திருப்போம், இவர் வந்த வாரமே ரத்தம் பார்த்திருப்போம், பிள்ளையின் விரலில் முதல் நாளே குத்தியிருப்பார்கள்.

"மாத்திரையை விழுங்குங்க," என்றேன்.

விழுங்கினார். சில வாரத்தில் குத்தகைக்காரர் அவர்களை வேறெங்கோ கொண்டு போய்விட்டார்.

வசந்தி இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தது. சூடாகக் கோப்பி வேண்டும் என்று கேட்டதாம். கொய்னா மருந்தால் காதில் வந்த இரைச்சல் கொஞ்ச நாள் இருந்து போய்விட்டது. லயத்தில் வேறு யாருக்கும் வரவில்லை. அதில் என் திறமை ஒன்றுமில்லை.

டாக்டர் அறிக்கை எழுதினார். போகாத இடத்தை நான் மையால் வரைந்ததாக என் பெயர் போட்டு ஒரு வரி. கேட்காமல் கையெழுத்திட்டதாகத் தன் பெயர் போட்டு அடுத்த வரி. இரண்டும் ஒரே நீளம். என் பதவி உயர்வு தள்ளிப் போனது. அவருக்கு வரவேண்டிய பெரிய இடம் வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி அவர் பேசியதில்லை. மறுநாள் காலை, "அடுத்த தாளை எடுங்கோ," என்றார்.

அந்தத் தீபாவளிக்கு அலுவலகத்துக்கு ஒரு டின் முறுக்கு வந்தது. மேலே 'கொசு சாருக்கு' என்று எழுதியிருந்தது. லெட்சுமி அனுப்பியது. பிள்ளையைக் காப்பாற்றியவன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணினேன். அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிட்டார்கள். நான் ஒன்றும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டும் வந்தது. ஓய்வு பெறும் வரை ஒரு வருஷம்கூடத் தவறவில்லை.

இந்தக் கட்டுரையை இதுவரை எழுதிவிட்டு நிறுத்தினேன். அந்த அம்மாவுக்குத் தெரியாத ஒன்றைப் பயிற்சிப் பிள்ளைகள் படித்துத் தெரிந்துகொள்வது சரியாகப் படவில்லை. மறுநாள், நான் குடியிருக்கும் தீவிலிருந்து ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, சுங்கை பாக்காப் போனேன்.

லெட்சுமி வாசலில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார். நான் உட்கார்ந்து, சப்பாத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மிளகாயைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றார்.

"எப்படித் தெரியும்?"

"டாக்டரம்மா அந்த வாரமே சொல்லிட்டாங்க. நான்தான் புள்ளைய மேல அனுப்பினேன், நான்தான் கொன்னுட்டேன்னு ஆஸ்பத்திரில அழுதுகிட்டு இருந்தேன். உங்க மேல தப்பில்லை, எங்கட பிழைன்னு உக்கார வெச்சு சொன்னாங்க. யாரு போவலைங்கிறதையும் சொன்னாங்க."

"அப்புறம் எதுக்கு முறுக்கு அனுப்பினீங்க?"

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு வருசமும் பாத்தேன்." கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வசந்திகிட்ட நான் சொல்லலை. அது உங்க வேலை. இருங்க, பஸ் வர்ற நேரந்தான்."

வசந்தி பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். சீருடையோடு இறங்கி வந்தாள். பையைத் தோளில் இருந்து எடுக்காமல் நின்றபடியே கேட்டாள். என்மேல் கோபமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வெட்டுக்கிளி செஞ்சு குடுப்பாரே, அந்த அண்ணன்கிட்ட இதைச் சொன்னீங்களா அங்கிள்?"

"இல்லை."

"அப்ப அவரு தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டாரா?"

"ஆமா."

"அவரு ஊரு தெரியுமா?"

"படிவத்துல இருக்கும்."

"எடுங்க," என்றாள்.

புவனேஸ்வரி பழைய கோப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தார். கிராமத்தின் பெயர் இருந்தது, வேறு விலாசம் இல்லை. வசந்தி மலாயில் ஒரு பக்கம் எழுதினாள். தொழிற்சாலையைப் பற்றி, காது இப்போது நன்றாகக் கேட்பதைப் பற்றி. மீதியை நான்தான் எழுத வேண்டும் என்று தாளை என் பக்கம் தள்ளினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது உங்களால் அல்ல, நான் மேலே ஏறாததால் என்று எழுதி, பெயரைப் போட்டேன்.

தபாலில் சேர்த்துப் பல வாரம் ஆகிறது. பதில் வரவில்லை. கடிதம் திரும்பி வரவும் இல்லை.